மடுவத்தில் வேலை பார்த்தவள்

போலீஸ்காரர் எங்க லயத்துக்கு வந்தது என்னை விசாரிக்கத்தான். நான் எதையும் திருடல, யாரையும் அடிக்கல. தோட்டத்துல புதுசா ஆரம்பிக்கிற பிள்ளைக் காப்பகத்துல ஆயா வேலை கேட்டிருந்தேன், அவ்வளவுதான். அதுக்கு எதுக்குப் போலீஸுன்னு லயமே வாசல்ல வந்து நின்னு வேடிக்கை பார்த்துச்சு. எனக்கு மட்டும் ஒண்ணும் தோணல. அந்த வருசங்கள்ல எனக்கு எதுவுமே தோணாது. தலைமன்னார்ல கப்பல் ஏறினப்போ ஊரே கட்டிப்பிடிச்சு அழுதுச்சு, எனக்குத் தோணல. மண்டபம் கேம்ப்புல வரிசையில நின்னப்போ தோணல. மேட்டுப்பாளையத்துல இறக்கி, லாரியில ஏத்தி, இந்தக் கீழ் கோத்தகிரிச் சரிவுல கொண்டாந்து கொட்டினப்பவும் தோணல. குளிருதுன்னு தெரியும், பசிக்குதுன்னு தெரியும். அதுக்கு மேல உள்ள ஒண்ணும் அசையாது. "உன்கிட்டப் பேசுறதும் செவுத்துகிட்டப் பேசுறதும் ஒண்ணுதான்"னு வீட்டுக்காரர் சொல்லுவார். செவுரு திருப்பிப் பேசாது, நான் பேசுவேன். அந்த வித்தியாசம் கூட அந்த மனுசனுக்குத் தெரியல.

ஆயா வேலைக்கு ஏன் ஆசைப்பட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன். வந்த புதுசுல எங்களுக்குக் காட்டை வெட்டித் தேயிலைக் கன்னு நடுற வேலை. ஒரு மழைக்காலத்துல சரிவுல சறுக்கி விழுந்து வலது முட்டி போச்சு. கோத்தகிரி ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டாங்க. கட்டை அவுத்ததுக்கு அப்புறம் முட்டி மடங்கவே மாட்டேன்னுடுச்சு. மடங்காத காலை வச்சுக்கிட்டு அந்தச் சரிவுல நின்னு கொழுந்து எடுக்க முடியுமா? வேலைக்கு வராதவ பேரை வெட்டிடுவாங்க. பேரை வெட்டினா காம்பராவும் போயிடும். லயம்னா தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டின வீடுங்க, அதுல ஆளுக்கு ஒரு அறை குடுப்பாங்க இல்லையா, அதைத்தான் நாங்க காம்பரான்னு சொல்லுவோம். சிலோன்ல பழகின வாய், மாறல. வீட்டுக்காரருக்குத் தோட்டத்துல பேர் இல்ல, அவலாஞ்சிப் பக்கம் கூலி வேலைக்குப் போயிட்டு எப்பவாவதுதான் வருவார். ஆக, காம்பரா நின்னதே என் பேர்லதான். சமதரையில உக்காந்து செய்யுற வேலை அந்தத் தோட்டத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. காலை நீட்டி உக்காந்தா பிள்ளை மடியில நல்லாப் படுத்துக்கும், முட்டி மடங்காததே அதுக்கு வசதிதான்.

அது சோத்துக்குச் சொல்ற காரணம். இன்னொண்ணும் இருக்கு. சிலோன்லயும் நான் பார்த்தது அதே வேலைதான். எனக்குன்னு பிள்ளை தங்கல. அடுத்தவங்க பிள்ளைங்களோட பால் வாசத்துலயும் மூத்திர வாசத்துலயுமே என் வயசு போச்சு. கடைசியில ஒரு நாள் அந்த வேலையை விட்டுட்டு வந்தேன். ஏன் விட்டேங்கிறதை அப்புறம் சொல்றேன். இந்தத் தோட்டத்துல ஆயா எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டப்போ, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு கேள்வி மட்டும் உள்ள எந்திரிச்சு உக்காந்துச்சு. இனிமே என்னை நம்பி யாராவது ஒரு பிள்ளையைக் குடுப்பாங்களா? எனக்கு அது தெரிஞ்சாகணும். காம்பரா போனா போகுது, அது தெரியணும்னு இருந்துச்சு.

மேல எங்கயோ ஒரு தோட்டத்துல நடந்ததுன்னு அப்ப ஒரு பேச்சு அடிபட்டுச்சு. பிள்ளைங்க அழக்கூடாதுன்னு ஆயா ஒருத்தி இருமல் மருந்தை ஊத்தி ஊத்தித் தூங்க வச்சாளாம். அதுல ஒண்ணு எந்திரிக்கவே இல்லையாம். அதுக்கு அப்புறம், ஆயா எடுக்குறதுன்னா ஆள் யாரு, முன்னாடி எங்க இருந்தா, என்ன வேலை பார்த்தா, குணம் எப்படின்னு தோண்டித் துருவி விசாரிச்சுத்தான் எடுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். பெத்தவ பத்து மாசம் சுமந்ததை யாரோ ஒருத்தி கையில விட்டுட்டுப் போறா, விசாரிக்காம விட முடியுமா? ஆனா எங்களை எங்க போய் விசாரிக்கிறது? உள்ளூர்க்காரின்னா ஊருக்கு ஒரு ஆளை அனுப்பிக் கேட்டுடலாம், அவ கொள்ளுப்பாட்டி யார்கூடச் சண்டை போட்டாங்கிறது வரைக்கும் சொல்லிடுவாங்க. எங்க முன்கதை மொத்தமும் கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்கு.

வந்த போலீஸ்காரர் கீழ்நாட்டு ஆளு, ஈரோடு பக்கமாம். தொப்பையைத் தூக்கிக்கிட்டு ஏத்தம் ஏறி வந்ததுல மூச்சு வாங்குச்சு. ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சு, தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன். மரியாதையாத்தான் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி சிலோன்ல என்ன வேலைங்க பார்த்தீங்க?"

"மடுவத்துல இருந்தேங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மடுவத்துலயா? பொம்பளைங்களா?"

"பொம்பளைங்கதாங்க இருப்போம். ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?"

"எத்தனை வருசம்?"

"கல்யாணம் கட்டினதுலருந்து."

"ஒரு நாளைக்கு எத்தனை வருமுங்க?"

"முப்பது, நாப்பது வரும். கொழுந்து சீசன்னா இன்னும் கூட. விடியக்காலையில பிரட்டுக்கு முன்னாடியே கொண்டாந்து விட்டுருவாங்க." பிரட்டுன்னா காலையில ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிடுறது.

அவர் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கிட்டார். "மனசுக்குக் கஷ்டமா இருக்காதுங்களா?"

"புதுசா வர்றது ஒரு நாள் ரெண்டு நாள் கத்தும். அப்புறம் அடங்கிரும். பெருசுங்கதான் ஓடப் பார்க்கும், புடிச்சுக் கட்டிப் போடணும். சின்னதுன்னா பிரச்சினை இல்ல."

"சின்னதுன்னா... பால் குடிக்கிறதுமா?"

"பால் குடிக்கிறதுதாங்க ஜாஸ்தி."

மனுசன் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு எந்திரிச்சுட்டார். தேத்தண்ணியைத் தொடவே இல்ல. சீனி கம்மியா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

விசயம் என்னன்னு எனக்கு அடுத்த வாரம் ரேசன் கடையிலதான் தெரிஞ்சுது. சிலோன் தோட்டத்துல கொட்டகைன்னாலே மடுவம்தான். கொழுந்து நிறுக்குற எடம் கொழுந்து மடுவம், பிள்ளைங்களை விட்டுட்டுப் போற எடம் பிள்ளை மடுவம். சும்மா மடுவத்துல இருக்கேன்னு ஒரு பொம்பளை சொன்னா, பிள்ளை பார்க்குறவன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். இங்க கீழ்நாட்டுல மடுவம்னா ஆடு மாடு அறுக்குற எடமாம்! எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் போலீஸ்காரர் போற வழியெல்லாம் என்ன சொல்லிட்டுப் போனாரோ, கடை வரிசையில எனக்கு முன்னாடி நின்ன உள்ளூர்க்காரம்மா தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள்ள மூடிக்கிட்டாங்க. கடைக்காரர் வேற, "ஏனுங்க, எளசான கறின்னு எப்படிங்க பார்த்து வாங்கறது? உங்களுக்குத்தான் கைவந்த கலையாச்சே"ன்னு இளிக்கிறார். "நான் கறி வாங்கித் தின்னு வருசமாச்சு, நீங்க வாங்கிக் குடுங்க, பார்த்துச் சொல்றேன்"னேன். வரிசையில சிலர் சிரிச்சாங்க. கறி எதுக்கு இங்க வந்துச்சுன்னு எங்க லயத்து ஆள் ஒருத்தர் வெளியில வந்து விளக்கினப்புறம்தான் புரிஞ்சுது.

கோபம் வந்திருக்கணும். வரல. சரி, இதுவும் போச்சுன்னு அரிசியை வாங்கிக்கிட்டு நடந்தேன்.

தோட்டத்துல வெல்பேர் ஆபீசர்னு ஒரு அம்மா இருந்தாங்க. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரங்க. குளிருக்குக் காதை மூடி எப்பவும் ஒரு கம்பளி மப்ளர் சுத்தியிருப்பாங்க, அதனால நாம சொல்றது அவங்களுக்குப் பாதிதான் கேக்கும், ஆனா நல்ல மனுசி. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. போனேன். நாற்காலியைக் காட்டி உக்காரச் சொல்லிட்டு, எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம பேனாவை உருட்டிக்கிட்டு இருந்தாங்க.

"ஏனுங்கம்மிணி, தப்பா நினைச்சுக்காதீங்க. வயித்துப் பொழப்புக்கு எல்லா வேலையும் வேலைதான். நீங்க அங்க கசாப்பு வேலைங்களா பார்த்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிப்புன்னா வாய்தான் சிரிச்சுது, அதுவே பெரிய விசயம். மடுவம்னா என்னன்னு சொன்னேன். மப்ளரை இறக்கிவிட்டுட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். போலீஸ்காரர்கிட்ட நான் சொன்னது ஒவ்வொண்ணையும் அவங்களே திருப்பிச் சொல்லி, "கட்டிப் போடணும்னீங்களாமே?"ன்னு கேட்டாங்க. "தவழுற பிள்ளை அடுப்புப் பக்கம் போயிரும்மா, இடுப்புல சேலைத் துணியைச் சுத்தி தூண்ல கட்டிப் போடுவோம்"னேன். "அட என்ற சாமி!"ன்னு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. கண்ணுல தண்ணியே வந்துருச்சு அந்தம்மாவுக்கு.

சிரிச்சு முடிச்சுட்டு மூக்கைத் துடைச்சாங்க. "சரிங்க, எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா மேல எழுதி அனுப்போணும்னா உங்க வாயில கேட்டது பத்தாதுங்க. நீங்க அங்க பிள்ளை பார்த்ததைக் கண்ணால பார்த்தவங்க ஒருத்தராச்சும் வந்து சொல்லோணும். எதிர் லயத்துல கைக்குழந்தை வச்சிருக்குதே ஒரு பொண்ணு, அது உங்க தோட்டத்துப் பொண்ணுதானாமே? அதைக் கூப்பிட்டு விட்டிருக்கேன்."

எனக்குக் கை சில்லுன்னு ஆச்சு. அந்த அறையில அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அப்பவும்.

அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லணும். கடல் தாண்டி வந்தவங்க எந்தெந்த மூலைக்கோ போனாங்க. கூடலூர், கொடைக்கானல், வால்பாறைன்னு ஆளுக்கு ஒரு திசை. எங்க பழைய தோட்டத்துலருந்து இந்தச் சரிவுக்கு வந்து விழுந்தது நானும் அவளும்தான். எதிரெதிர் லயம். அவ வாசல்ல துணி காயப் போட்டா என் வாசல்லருந்து தெரியும். ஆனா ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் தண்ணிக்கு வந்தா அவ குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிருவா. நானும் கூப்பிட மாட்டேன்.

சிலோன்ல ஒரு பஞ்ச வருசம் வந்துச்சு. அரிசி இல்ல, கோதுமை மா இல்ல, தோட்டத்துல வேலையும் பாதி நாள்தான். மரவள்ளியையும் கீரையையும் வேகவச்சுத் தின்னு நாளை ஓட்டினோம். பிள்ளைங்களுக்குத் தாங்கல. வாந்தி, வயித்தால. அவ மூத்த மகளுக்கு அப்ப ரெண்டு வயசு இருக்கும். ஒரு நாள் காலையில கொண்டாந்து விட்டப்பவே பிள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருந்துச்சு. "இன்னைக்கு மலைக்குப் போகாதடி"ன்னு சொன்னேன். "பேர் போடலேன்னா மா தரமாட்டாங்கக்கா"ன்னு ஓடினா. மத்தியானச் சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே பிள்ளை என் மடியில போயிருச்சு. ஆள் அனுப்பினேன். கொழுந்து நிறுத்துட்டுப் போன்னு கங்காணி சொல்லிட்டானாம். அவ வந்து சேர்ந்தது பொழுது சாயறப்போ. பிள்ளையை அவ கையில குடுத்தேன். அவ என் முகத்தைப் பார்க்கல. அதுக்கு மறுநாள்லருந்து நான் மடுவத்துக்குப் போகல. அழவும் இல்ல. எனக்கு ஒண்ணும் தோணாமப் போனது அன்னையிலருந்துதான். கப்பலும் கேம்ப்பும் எல்லாம் அதுக்குப் பின்னாடி வந்ததுங்க.

அப்பேர்ப்பட்டவளைத்தான் எனக்குச் சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவ வாசலுக்குப் போயிருப்பேனான்னு பல தடவை யோசிச்சிருக்கேன். போயி என்னன்னு கேக்குறது? உன் பிள்ளை என் மடியில செத்ததைச் சொல்லாதேன்னா? சொல்லட்டும். அவ பிள்ளை, அவ வாய். எனக்கு அவ மேல வருத்தம் ஒண்ணும் இருக்காதுன்னு அந்த நாற்காலியில உக்காந்தே முடிவு பண்ணிட்டேன். வேலை போகும், காம்பரா போகும். அது கூடப் பெருசில்ல. என் கேள்விக்குப் பதிலும் அவ வாயாலயே வந்துரும்.

வந்தா. மலையிலருந்து நேரா வந்திருந்தா, இடுப்புல படங்கு கட்டியபடியே. கொழுந்து எடுக்குறப்போ செடி கிழிக்காம, சேலை நனையாம இருக்கக் கட்டுற சாக்கு அது. முதுகுல போர்வையால பிள்ளையைக் கட்டியிருந்தா. இங்க வந்து பொறந்த பையன், அப்பதான் உக்காரப் பழகியிருந்தான். போர்வைக்குள்ளருந்து தலையை மட்டும் நீட்டி எல்லாரையும் முழிச்சு முழிச்சுப் பார்த்தான். போலீஸ்காரரும் அதுக்குள்ள வந்து மூலையில உக்காந்திருந்தார். வெளியில தூத்தல் போட்டுக்கிட்டே இருந்துச்சு.

"இவங்களைத் தெரியுங்களா?"ன்னு வெல்பேர் அம்மா கேட்டாங்க.

"தெரியும். மடுவத்தக்கா."

"பிள்ளைங்களைப் பார்த்துக்கற மடுவம்தானுங்களே?"

"வேற என்ன மடுவம்?"னு அவ திருப்பிக் கேட்டா. போலீஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

"இவங்க எப்படிங்க பார்த்துக்குவாங்க? அடிக்கறது, மருந்து ஊத்தித் தூங்க வக்கறது, அந்த மாதிரி ஏதாச்சும்..."

அவ முதுகுப் பிள்ளையை ஒரு தடவை மேல ஏத்திக்கிட்டா. அப்புறம், கடையில உப்பு கேக்குற குரல்ல சொன்னா: "என் மூத்தது இவங்க மடியிலதான் செத்துச்சு."

வெல்பேர் அம்மா கையிலருந்த பேனா அப்படியே நின்னுருச்சு. போலீஸ்காரர் ஜன்னலை விட்டுட்டு இங்க பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"எப்படிங்க?"ன்னாங்க அம்மா. குரல் மாறியிருந்துச்சு.

"வாந்தி, வயித்தால. அந்த வருசம் நிறையப் பிள்ளைங்க அப்படித்தான் போச்சு. காலையில போகாதன்னு இவங்க சொன்னாங்க, நான்தான் போனேன். மத்தியானத்துக்கு முன்னாடியே போயிருச்சாம். கங்காணி விடல. நான் வந்தப்போ பொழுது சாஞ்சிருச்சு. எங்க மலையில குளிரு இங்க மாதிரிதாங்கம்மா. செத்த பிள்ளையைக் கீழ படுக்க வச்சா கொஞ்ச நேரத்துல வெறச்சிரும். இவங்க கீழ வைக்கல. அவ்வளவு நேரமும் மடியில போட்டு, கம்பளியைச் சுத்தி, அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களாம். ஒரு வாய்த் தண்ணிக்குக் கூட எந்திரிக்கலயாம், கூட இருந்தவங்க சொன்னாங்க. நான் வாங்குறப்போ பிள்ளை சூடா இருந்துச்சு. ஆறிப்போன பிள்ளையை இவங்க என் கையில குடுக்கல."

முதுகுல இருந்த பையன் அவ கூந்தலைப் புடிச்சு இழுத்து வாயில வச்சுக்கிட்டான்.

அவளுக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியாது, யோசிச்சுச் செஞ்சதில்ல. பெத்தவ வந்து தொடுறப்போ சில்லுன்னு இருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் மண்டையில ஓடுச்சு. இத்தனை வருசம் அவ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனது கோபத்துலன்னே நான் நினைச்சிருந்தேன்.

வெல்பேர் அம்மா மப்ளர் நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம், கேக்க வேண்டியதைக் கேட்டாங்க. அது அவங்க வேலை. "அப்போ உங்க பையனை இவங்ககிட்ட விடுவீங்கதானே?"

"மாட்டேன்"னா.

"ஏனுங்க? நம்பிக்கை இல்லீங்களா?"

"நம்பிக்கை இருக்கு. எல்லாரும் விடலாம், கண்ணை மூடிக்கிட்டு விடலாம். என்னால அந்த மடியில ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்." படங்கை இறுக்கிக் கட்டிக்கிட்டா. "நான் போகலாங்களாம்மா? நேரமானா அரைப்பேர் போட்டு, கூலியில பாதியை வெட்டிருவாங்க." என்னைத் தாண்டித்தான் போனா. பார்க்கல.

வேலை கிடைச்சுருச்சு. வெல்பேர் அம்மா என்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. போலீஸ்காரர் போறப்போ என் முன்னாடி வந்து நின்னு, "மன்னிச்சுக்கோங்கம்மா, எங்க ஊருப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்"னார். "பரவாயில்லீங்க. அடுத்த தடவை வந்தா தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க, அதுல கறி எல்லாம் போட மாட்டேன்"னேன். சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனார்.

காப்பகம் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. வாசல்ல போர்டு மாட்டியிருந்துச்சு. உள்ள அடுப்பு, தொட்டில் கட்டுற கம்பி, சுத்தி ஓரமா பலகை. முதல் நாள் பிள்ளைங்க வந்து அழுது தீர்த்துச்சுங்க. என் கைக்கு வேலை மறக்கல. எதுக்கு வயிறு வலி, எதுக்குத் தூக்கம், எது சும்மா நடிக்குதுன்னு குரலை வச்சே கை தன்னால போகும். கைதான் போச்சு. நான் எங்கயோ தள்ளி நின்னு பார்த்துக்கிட்டு இருக்குற மாதிரி இருந்துச்சு. தாய்மாருங்க சந்தோசமா விட்டுட்டுப் போனாங்க. ரேசன் கடையில பிள்ளையை முந்தானையில மூடின அந்தம்மா கூட ஒரு நாள் கொண்டாந்து விட்டாங்க. நம்பிக் குடுப்பாங்களான்னு கேட்ட கேள்விக்கு இத்தனை பிள்ளைங்க பதிலாக் கெடந்து உருளுதுங்க. ஆனா எனக்கு அது பதில் இல்ல. எனக்குப் பதில் சொல்ல வேண்டியவ தினம் காலையில பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு வாசலைத் தாண்டி மலைக்குப் போனா. தலையைத் திருப்ப மாட்டா.

ஐப்பசி மழை ஆரம்பிச்சுது. இந்தப் பக்கம் மழைன்னா கொட்டிட்டு ஓயாது, நின்னு பெய்யும். கூடவே காத்தும் மூடுபனியும் சேர்ந்துக்கும். மலையில அட்டை. முதுகுல பிள்ளையை வச்சுக்கிட்டு குனிஞ்சு நிமிர்ந்து கொழுந்து எடுத்தா, தாயோட ஈரம் மொத்தமும் பிள்ளைக்குத்தான். பையன் இருமுறது எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அவளைக் கூப்பிடலாமான்னு நினைப்பேன். அவ மாட்டேன்னு சொன்னது ஞாபகம் வரும், விட்டுருவேன்.

ஒரு நாள் காலையில வந்து வாசல்ல நின்னா. தலையிலருந்து தண்ணி சொட்டுது. முதுகுக் கட்டை அவுக்குறா, முடிச்சு ஈரத்துல இறுகிக்கிட்டு வரமாட்டேங்குது. நான் எந்திரிச்சுப் போய் அவுத்தேன். பையனை என் கையில குடுக்கல, பலகையில உக்கார வச்சா.

"மழை விடற வரைக்கும்தான்."

"சரி."

"பாட்டில்ல பால் இருக்கு. காய்ச்சினதுதான்." போகாம நின்னா. "அக்கா."

அவ என்னை அப்படிக் கூப்பிட்டு வருசக்கணக்காச்சு.

"அவனைத் தூங்க விட்டுறாதக்கா. தூங்கினா எழுப்பிரு."

எனக்குப் புரிஞ்சுது. சரின்னு தலையாட்டினேன்.

அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு இருக்கே! கைக்குழந்தையைப் பகல் பூரா முழிச்சிருக்க வைக்க முடியுமா? கிலுகிலுப்பையை ஆட்டினேன். தோள்ல போட்டு நொண்டி நொண்டி நடந்தேன். மத்ததுங்களை விட்டுக் கையைத் தட்டச் சொன்னேன், எல்லாம் தட்டிச்சுங்க, அவனும் சிரிச்சான். பாலைக் குடிச்சான். அவ்வளவுதான், கண்ணு சொருகிருச்சு. கன்னத்தைத் தட்டினேன், சிணுங்கினான். முகத்துல தண்ணி தொட்டு வச்சேன், அழுதான். அழுதுக்கிட்டே தூங்கினான். மடியில போட்டுக் காலை நீட்டி உக்காந்தேன், வேற எங்கயும் அவன் இருக்க மாட்டேன்னுட்டான். எழுப்பணும்னு கையைத் தூக்குவேன், வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குற அந்த முகத்தைப் பார்ப்பேன், கையை இறக்கிருவேன். கடைசியில, எது வந்தாலும் வரட்டும்னு விட்டுட்டேன். அவன் மூச்சு விடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மத்தப் பிள்ளைங்களை என்கூட வேலைக்கு இருந்த இன்னொரு பொம்பளை பார்த்துக்கிட்டா. எனக்குப் பயமா இருந்துச்சு. அத்தனை வருசம் கழிச்சு, பயம்னு ஒண்ணு எனக்குள்ள இன்னும் இருக்கேன்னு ஆச்சரியமாக் கூட இருந்துச்சு.

மழை வலுத்ததால மலையிலருந்து ஆளுங்களைச் சீக்கிரமா இறக்கிட்டாங்க. ஓடி வந்திருக்கா. வாசல்ல வந்தவ அப்படியே நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டா. அடுப்புப் பக்கத்துல நான், மடியில கம்பளி சுத்தின பிள்ளை, அசைவில்லாம. அவ மூஞ்சி வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

"தூங்குறான்டி!"ன்னு கத்தினேன். அப்படிக் கத்தினதுல மூலையில இருந்த பிள்ளைங்க பயந்து போச்சுங்க. "தூங்கத்தான் செய்யுறான். எழுப்ப முடியலடி, எவ்வளவோ பார்த்தேன், முடியல!"

அவ மெதுவா வந்தா. ஈரக் கையைச் சேலையில துடைச்சுட்டு, அது பூரா ஈரம், ஒரு விரலை அவன் மூக்குக்கிட்ட வச்சா. வச்சபடியே இருந்தா. அப்புறம் எனக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டா.

"குடுக்கட்டுமா?"ன்னேன்.

"வேணாம். தூங்கட்டும்."

ரெண்டு பேரும் அவனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். மத்த பொம்பளைங்க வந்து வந்து பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அவன் கடைசியில கண்ணைத் தொறந்தான், என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கி ஓன்னு ஒரு அழுகை அழுதான். அவ்வளவுதான், எனக்கு உடைஞ்சுருச்சு. பிள்ளையை அவ மடியில போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு அழறேன், நிறுத்த முடியல. அவன் அழுகையை நிறுத்திட்டு என்னையே பார்க்குறான்.

"அவன்தான் முழிச்சுட்டான்ல. இப்ப எதுக்குக்கா அழற?"ன்னா.

"மூத்தவளுக்கு"ன்னேன்.